மனச்சாட்சியும் மாத்திரையும்

சிகாகோவைச் சேர்ந்த பேட்ரிக் க்ரௌலியும் அவர் மனைவி பட்ரீஷியாவும் 1965-இல் ரோமுக்குப் போனபோது தங்கள் தோழர்கள் எழுதிய கடிதங்களையும் கையோடு கொண்டுபோனார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றித் திருத்தந்தைக்கு ஆலோசனை சொல்ல அமைக்கப்பட்ட குழுவில் மூன்று தம்பதியருக்கு இடம் கிடைத்திருந்தது. அவர்களில் ஒரு தம்பதி இவர்கள். கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தை அமெரிக்காவில் வளர்த்தெடுத்தவர்கள். கடிதம் எழுதியவர்களுக்குத் திருச்சபையோடு எந்தப் பகையும் இல்லை. ஞாயிறு பூசையைத் தவறவிடாத, பங்குத்தந்தையின் சொல்லைத் தட்டாத குடும்பங்கள். அடுத்த ஆண்டுக்குள் 18 நாடுகளிலிருந்து சுமார் 3,000 தம்பதியரின் பதில்கள் சேர்ந்துவிட்டன.

மாதவிடாய்ச் சுழற்சியில் கரு உண்டாகாத நாட்களைக் கணித்து அந்த நாட்களில் மட்டும் சேர்வது. திருச்சபை அன்று அனுமதித்திருந்தது இது ஒன்றைத்தான். அந்த முறை தங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை அவர்கள் எழுதினார்கள். நாள்காட்டியில் போட்ட குறிகள், காலையில் கண் விழித்ததும் எழுதிவைக்க வேண்டிய உடல் வெப்பம், மாதவிடாய் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் ஏறுகிற பயம். இந்த முறையால் நாங்கள் நெருக்கமானோம் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். பிரிந்துபோனோம் என்று எழுதியவர்கள் பலர். மணமாகாத குருக்கள் எழுதிய நூல்களால் நிறைந்திருந்த ஒரு துறைக்குள் மணமானவர்களின் பேச்சு இப்படி நுழைந்தது.

ஒரு கிறிஸ்தவர் இது சரி, இது தவறு என்று முடிவெடுக்கும்போது எதன்மேல் நின்று எடுக்கிறார்? வேதம், மரபு, பகுத்தறிவு, திருச்சபையின் அதிகாரம், தன் வாழ்க்கை அனுபவம் என்று அடுக்கிச் சொல்லிவிடலாம். இவை ஒன்றோடொன்று மோதும்போது என்ன நடக்கிறது என்பதே கடினமான பகுதி. அடிமைமுறை, வட்டி, போர் ஆகியவற்றில் இந்த மோதல் பல நூற்றாண்டுகளுக்குப் பரவிக் கிடக்கிறது. கருத்தடை விஷயத்தில் 1930-க்கும் 1968-க்கும் இடையே, ஓட்டு எண்ணிக்கையோடும் ஆட்களின் பெயரோடும், முழு விவாதமும் நம் கண்முன் கிடக்கிறது. கிறிஸ்தவ அறநெறி எப்படி இயங்குகிறது, எங்கே இடறுகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான வரலாறு இருபதாம் நூற்றாண்டில் இல்லை என்பது என் எண்ணம்.

வேதத்தில் மாத்திரை இல்லை. பழைய விவாதங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரே இடம் தொடக்கநூல் 38-ஆம் அதிகாரம். பிள்ளையில்லாமல் இறந்த அண்ணனின் மனைவி தாமாருக்கு வாரிசு தர வேண்டிய கடமை ஓனானுக்கு. அவன் அவளோடு சேர்ந்து, கரு உண்டாகாதபடி விந்தைத் தரையில் விட்டான்; கடவுள் அவனைத் தண்டித்தார். தண்டனை அந்தச் செயலுக்கா, அண்ணனின் விதவையை ஏமாற்றியதற்கா? திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் முதலானோர் முதல் பொருளில் படித்தார்கள். இன்றைய விவிலிய அறிஞர்களில் பலர் இரண்டாவது பொருளில் படிக்கிறார்கள். ஒரு பெரிய போதனையின் பாரத்தை இந்த ஒரு கதையால் தாங்க முடியாது.

நேரடி விடை இல்லாத இடத்தில், வேதம் எப்படி யோசிக்கிறது என்றாவது பார்க்கலாம். அதற்குக் கொரிந்து நகரத்துக்குப் போக வேண்டும். ஏறத்தாழ கி.பி. 55-இல் அந்தச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்குப் பவுல் மூன்று அதிகாரங்களை ஒதுக்குகிறார். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை வருகிறது. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் வருகிறது. ஒரு வீட்டில் சாப்பிடுவார்கள், ஒரு வீட்டில் வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், ஒரு வீட்டில் வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பவுலின் பதில் இரண்டு படிகளில் நடக்கிறது. சிலை என்பது ஒன்றுமில்லை, ஆகவே சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கலாம் என்று முதல் படியைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். பிறகு நெடுநேரம் நிற்பது இரண்டாவது படியில்: நான் சாப்பிடுவதைப் பார்க்கிற, மனம் உறுதிப்படாத சகோதரனுக்கு என்ன ஆகும்? அவன் கெட்டுப்போவான் என்றால் எனக்கு இறைச்சியே வேண்டாம் என்கிறார் அவர்.

செய்யலாமா என்பது ஒரு கேள்வி. செய்தால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன நேரும் என்பது இன்னொரு கேள்வி. பவுலுக்கு இரண்டாவதுதான் பெரிது. இருபதாம் நூற்றாண்டின் கருத்தடை விவாதத்தில் இந்த வரிசை தலைகீழானது. முதல் கேள்வி எல்லோருடைய சக்தியையும் உறிஞ்சிவிட்டது; இரண்டாவதைக் கேட்டவர்கள் கேட்கப்படாமல் போனார்கள்.

முதலில் அசைந்தது ஆங்கிலிக்கன் சபை. உலகெங்கும் உள்ள அதன் ஆயர்கள் அந்நாட்களில் லண்டனில் கூடிய லாம்பெத் மாநாடு, 1908-இல் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்தது. 1920-இல் மறுபடியும் கண்டித்தது. 1930-இல் 15-ஆம் தீர்மானத்தை 193-க்கு 67 என்ற ஓட்டில் நிறைவேற்றியது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட உண்மையான அறக்கடமை இருந்தால் முதல் வழி சேராதிருத்தல். அதற்கும் தக்க தடை இருந்தால் பிற வழிகளைக் கிறிஸ்தவ நெறிகளின் ஒளியில் பயன்படுத்தலாம். சுயநலத்துக்காகவோ சொகுசுக்காகவோ வெறும் வசதிக்காகவோ என்றால் கூடாது. தீர்மானத்தின் நடை தயங்கித் தயங்கிப் போகிறது. சார்ல்ஸ் கோர் போன்ற மூத்த ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் ஒரு காரியம் நடந்துவிட்டது. முடிவெடுக்க வேண்டிய இடம் ஆயரின் மேசையிலிருந்து தம்பதியரின் வீட்டுக்கு நகர்ந்தது. 1958-இல் அதே மாநாடு, எத்தனை பிள்ளைகள், எந்த இடைவெளியில் என்ற பொறுப்பைக் கடவுள் பெற்றோரின் மனச்சாட்சியின்மேல் வைத்திருக்கிறார் என்று வெளிப்படையாகவே சொன்னது. நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகள் இந்த மரபோடு தொடர்புடையவை. அங்கே இது பெரிய சர்ச்சையாக வெடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

லாம்பெத்தின் 1930 தீர்மானத்துக்கு ரோமின் பதில் அதே ஆண்டின் கடைசி நாளில் வந்தது. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1930 டிசம்பர் 31-இல் வெளியிட்ட 'காஸ்தி கொன்னுபி' சுற்றுமடல், இயல்பிலேயே பிள்ளைப்பேற்றை நோக்கிய செயலை வேண்டுமென்றே பயனற்றதாக்குவது பாவம் என்றது. இதன் பின்னால் இருப்பது இயற்கைச் சட்டம் என்ற நீண்ட சிந்தனை மரபு: ஒவ்வொரு செயலுக்கும் அதன் அமைப்பிலேயே ஒரு நோக்கம் பொதிந்திருக்கிறது, அந்த நோக்கத்தை மதிப்பதே அறம். ஜப்பானின் ஒகினோவும் ஆஸ்திரியாவின் க்னௌஸும் 1920-களில் கருத்தரிக்கும் நாட்களைக் கண்டறிந்திருந்தார்கள். 1951-இல் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசிய பன்னிரண்டாம் பத்திநாதர், தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களை மட்டும் பயன்படுத்தலாம் என்றார். பிள்ளை வேண்டாம் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதானே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். கூலிக்கு உழைப்பவனும் திருடுபவனும் பணத்தைத்தான் தேடுகிறார்கள், அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா என்று மறுதரப்பு பதில் சொன்னது. அது சோம்பேறித்தனமான பதில் அல்ல. நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்று எந்தக் கிறிஸ்தவ மரபும் சொன்னதில்லை.

1960-இல் அமெரிக்க அரசு கருத்தடை மாத்திரைக்கு அனுமதி தந்ததும் விவாதம் வேறு தளத்துக்குப் போனது. அந்த மாத்திரையைப் பெண்களிடம் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் போஸ்டன் மகப்பேறு மருத்துவர் ஜான் ராக். நாள்தோறும் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். பெண்ணின் உடலிலேயே சுரக்கிற ஹார்மோனின் வேலையைத்தான் மாத்திரை செய்கிறது, இயற்கையான பாதுகாப்பு நாட்களை அது நீட்டித்துத் தருகிறது, ஆகவே திருச்சபையின் சொந்தத் தர்க்கப்படியே இது தவறாகாது என்று 1963-இல் ஒரு புத்தகமே எழுதினார். இயற்கைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டே அதன் முடிவை மாற்ற முயன்ற ஒருவரின் வாதம் அது.

அதே 1963-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் ஆறு பேரோடு அந்த ஆலோசனைக் குழுவை அமைத்தார். அவருக்குப் பின் திருத்தந்தையான ஆறாம் பவுல் அதைப் பெரிதாக்கினார். மருத்துவர்கள், மக்கள்தொகை அறிஞர்கள், தம்பதியர் என்று சேர்த்துக்கொண்டே போனார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இதை விவாதிக்க அவர் விடவில்லை. ஆனாலும் 1964 அக்டோபரில் அந்தச் சங்கத்திலேயே பெல்ஜியக் கர்தினால் சுவனென்ஸ் எழுந்து, இன்னொரு கலிலேயோ விவகாரம் வேண்டாம் என்று எச்சரித்தார். 1966-இல் குழுவின் இறையியல் அறிஞர்கள் ஓட்டெடுத்தபோது, கருத்தடை தன்னளவிலேயே தீமை அல்ல என்று 15 பேரும், தீமையே என்று 4 பேரும் சொன்னார்கள். பிறகு கர்தினால்களும் ஆயர்களும் ஓட்டெடுத்தார்கள்: தீமை அல்ல என்று 9 பேர், தீமை என்று 3 பேர், எந்தப் பக்கமும் சேராதவர்கள் 3 பேர். ஒரு கூட்டத்தில் ஸ்பானிய இயேசு சபைக் குரு ஒருவர், இதுவரை இந்தச் சட்டத்தை மீறியதற்காக நரகத்துக்குப் போனவர்களின் கதி என்ன என்று கேட்டார். உங்கள் உத்தரவுகள் அத்தனையையும் கடவுள் நிறைவேற்றியிருப்பார் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா என்று பட்ரீஷியா க்ரௌலி அவரிடம் திருப்பிக் கேட்டார்.

ஓட்டில் தோற்ற தரப்பின் வாதத்தை நான் மதிப்போடு படிக்கிறேன். அதை முன்னின்று எழுதியவர் அமெரிக்க இயேசு சபையைச் சேர்ந்த ஜான் ஃபோர்டு. 1930-இல் லாம்பெத் சொன்னது சரி என்றால், தூய ஆவியார் அன்று புராட்டஸ்டாண்டுகள் பக்கம் நின்றார் என்றும், திருத்தந்தையர் எண்ணற்ற விசுவாசிகளின்மேல் தவறான பாரத்தைச் சுமத்தினார்கள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்பது அத்தரப்பின் மைய வாதம். பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் இதே ஃபோர்டு 1944-இல் எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டும். நேச நாடுகளின் விமானங்கள் ஜெர்மன் நகரங்களை முழுமுழுதாக எரித்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவில் அதைக் கேள்வி கேட்டவர்கள் மிகச் சிலர். ஃபோர்டு ஒரு நகரத்தில் வாழ்கிறவர்களின் தொழில்களை வரிசையாக எழுதிவைத்தார். உழவர், மீனவர், ரொட்டி சுடுபவர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர் என்று நீள்கிற பட்டியல். இவர்களைக் கொல்வது போரா என்று கேட்டார். எந்தச் சூழ்நிலையாலும் நியாயமாகாத செயல்கள் சில உண்டு என்ற அதே உறுதி, அன்று தன் நாட்டு அரசையே எதிர்த்து நிற்கும் தைரியத்தை அவருக்குத் தந்தது. எல்லாவற்றையும் சூழ்நிலையைப் பொறுத்து முடிவுசெய்யலாம் என்று எழுதிய ஜோசப் ஃபிளெச்சரின் நூல் 1966-இல் பரபரப்பாக விற்றது. அதில் அந்தப் பட்டியலுக்கு இணையான கனம் எனக்குத் தென்படவில்லை.

ஆனால் 1944-இல் ஃபோர்டு அந்த மனிதர்களைத் தன் கண்முன் நிறுத்திக்கொண்டு எழுதினார். 1966-இல் அந்த வேலையைச் செய்தது எதிர்த்தரப்பின் கடிதக் கட்டு.

ஆறாம் பவுல் ஈராண்டுகள் யோசித்தார். 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்து இந்தியாவின் வறுமையைக் கண்ணால் கண்டவர் அவர். இதயமில்லாத மனிதர் அல்லர். 1968 ஜூலை 25 தேதியிட்ட 'உமானே வீத்தே' சுற்றுமடலில் குழுவின் பெரும்பான்மையை ஏற்க மறுத்து, பழைய போதனையை உறுதிசெய்தார். அதன்பின் பத்தாண்டுகள் திருத்தந்தையாக இருந்தும் இன்னொரு சுற்றுமடலை அவர் எழுதவில்லை.

அடுத்த இரண்டு மாதங்களில் ஜெர்மனி, பெல்ஜியம், கனடா ஆயர் பேரவைகள் சுற்றுமடலை வரவேற்றுக்கொண்டே மனச்சாட்சியைப் பற்றிப் பேசின. உண்மையாக முயன்றும் இந்தப் போதனையை ஏற்க முடியாமல், தனக்குச் சரி என்று நேர்மையாகத் தெரிகிற வழியில் போகிறவர் நல்ல மனச்சாட்சியோடு போகிறார் என்று செப்டம்பரில் வினிபெக்கில் கூடிய கனடிய ஆயர்கள் சொன்னார்கள். வாஷிங்டனில் அப்படிச் சொன்ன குருக்கள்மேல் பேராயர் நடவடிக்கை எடுத்தார். எல்லையின் ஒரு பக்கம் ஆறுதல், மறு பக்கம் தண்டனை.

மனச்சாட்சி என்ற சொல் அன்றுமுதல் பலருக்கு விடுப்புக் கடிதம்போல ஆகிவிட்டது. மரபில் அதன் கனமே வேறு. தவறிய மனச்சாட்சிக்கு எதிராக நடப்பதும் பாவமே என்று இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் எழுதினார். அதோடு, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டவனை அந்தத் தவறு விடுவிக்காது என்றும் எழுதினார். 1875-இல் நார்ஃபோக் கோமகனுக்கு எழுதிய கடிதத்தில் மனச்சாட்சிக்கே முதல் வாழ்த்து, திருத்தந்தைக்கு அடுத்தது என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்க இறையியலாளர் நியூமன், அதே கடிதத்தில் தன் விருப்பத்தையே மனச்சாட்சி என்று அழைக்கிற தன் காலத்து வழக்கத்தையும் கடிந்துகொண்டார். வேதத்தைப் படித்து, சபை சொல்வதைக் கேட்டு, அறிந்தவரிடம் விசாரித்து, துணையோடு பேசி, ஜெபித்து, அதன்பிறகும் தெளியாத இருட்டில் ஓர் அடி எடுத்துவைப்பதே மனச்சாட்சிப்படி நடப்பது. இவற்றில் எதையும் தனியாகச் செய்ய முடியாது. 1968-க்குப் பிறகு நடந்ததோ, அந்த உழைப்பையே தனியாக்கிவிட்டது. கோடிக்கணக்கான கத்தோலிக்கர்கள் தாங்களாகவே முடிவெடுத்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்வதை நிறுத்தினார்கள். குருக்கள் கேட்பதை நிறுத்தினார்கள். இந்த மௌனத்தைத்தான் அந்த ஆண்டின் மிகப் பெரிய இழப்பாக நான் கருதுகிறேன்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு வேறொரு முகம் உண்டு. 1952-இல் உலகிலேயே முதலாவதாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இது. 1971 ஜூலையில், கிறிஸ்தவர்கள் நிறைந்த எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரே முகாமில் 63,418 ஆண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்டது. காசும் பொருளும் கொடுத்து அழைத்தார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலோர் ஆண்கள், ஏழைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்ததும் உண்டு. கருத்தடையை அறம் என்று ஏற்றுக்கொண்டால் நாளை அரசுகள் அதை மக்கள்மேல் திணிப்பதை எதைச் சொல்லித் தடுப்பீர்கள் என்று 'உமானே வீத்தே' 17-ஆம் பத்தியில் கேட்டிருந்தது. எட்டே ஆண்டுகளில் அது டெல்லியின் தெருக்களில் நடந்தது. சுற்றுமடலை விமர்சிக்கிறவர்கள் இந்தப் பத்தியை அநேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்டக் கூடாது.

நெருக்கடி நிலை முடிந்ததும் திட்டம் பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். அதே கணக்கெடுப்பில் இந்தியக் கிறிஸ்தவப் பெண்களின் சராசரிப் பிள்ளைப்பேறு 1.88, நாட்டின் சராசரியைவிடக் குறைவு. தமிழ்நாட்டில் நடைமுறை எல்லோரும் அறிந்ததே. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனையும் முடித்துவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண், பிரசவக் களைப்போடு படுத்திருக்கும்போது, மாமியாரும் கணவரும் நர்ஸும் பேசி முடிவெடுத்துவிடுகிற வீடுகள் உண்டு. கத்தோலிக்கப் பெண்ணும் சி.எஸ்.ஐ. பெண்ணும் பெந்தெகொஸ்தே பெண்ணும் ஒரே வார்டில்தான் படுத்திருக்கிறார்கள். அவர்களுடைய சபைகளின் போதனைகளுக்கு இடையே இருக்கிற தூரம் அந்தக் கட்டில்களுக்கு இடையே தெரிவதில்லை.

செய்யலாமா என்ற கேள்வி இங்கே நடைமுறையில் தீர்ந்துபோய்விட்டது. எவரும் பங்குத்தந்தையைக் கேட்டு ஆபரேஷனுக்குப் போவதில்லை. பவுலின் இரண்டாவது கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. இருவருடைய தீர்மானத்தை ஏன் ஒருவருடைய வயிற்றில் மட்டும் வெட்டி நிறைவேற்றுகிறோம்? ஆணுக்குச் செய்வது இதைவிட எளிய, ஆபத்துக் குறைந்த ஆபரேஷன் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. இதைக் கேட்க ஒரு சபைக்கு லாம்பெத்தின் தீர்மானத்தை ஏற்க வேண்டியதுமில்லை, ரோமின் தடையை மறுக்க வேண்டியதுமில்லை.

கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. திருமணத்துக்கு முன் மணமக்கள் தயாரிப்பு வகுப்புக்கு வந்தாக வேண்டும். இயற்கை முறைக் குடும்பத் திட்டத்தை அங்கே சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் அது பெண்ணுக்கான பாடமாக, நாட்களை அவள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டிய காரியமாக முடிந்துவிடுகிறது. அந்த முறையின் சாரமோ ஆணின் அடக்கம். கருத்தடைக்குப் பழகிய ஆண் மனைவியின் உடல் நலத்தையும் மன நிலையையும் பொருட்படுத்தாமல் போகக்கூடும் என்று அதே 17-ஆம் பத்தி ஆறாம் பவுலின் கவலையைப் பதிவுசெய்திருக்கிறது. ஆண்களைப் பற்றி எழுதப்பட்ட அந்த வரிகளை வைத்துக்கொண்டு, கட்டிக்கொள்ளப்போகிற பையனைத் தனியே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசலாம். நீ எத்தனை நாள் பொறுப்பாய், பிரசவத்துக்குப் பிறகு எவ்வளவு காலம் அவளை விட்டுவைப்பாய், ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டால் அவளிடம் கேட்டுவிட்டுப் போடுவாயா, உன் அம்மாவிடம் கேட்டுவிட்டா? சி.எஸ்.ஐ. ஐயரும் தன் சபைப் பையனிடம் இதையே கேட்கலாம். அவர் இன்னொன்றும் சேர்த்துக் கேட்க முடியும்: ஆபரேஷன்தான் வழி என்று இருவரும் முடிவெடுத்தால், அதை நீ செய்துகொள்வாயா?